வடக்கும் வடக்கும் ஒட்டியபோது: கிளிநொச்சி வகுப்பறையில் ஒரு நிகழ்வு ஆய்வு

ஒத்த முனைவுகள் ஒன்றையொன்று தள்ளும். ஒவ்வாத முனைவுகள் ஒன்றையொன்று கவரும். இருபது ஆண்டுகளாக இந்த வரியைக் கரும்பலகையில் எழுதி வருகிறேன். கூரையுள்ள வகுப்பறையில் எழுதியிருக்கிறேன். இடம்பெயர்ந்து அலைந்த காலத்தில் மரநிழலிலும் தறப்பாள் கொட்டகையிலும் எழுதியிருக்கிறேன். எழுதுகிற கைக்கு மனப்பாடமாகிவிட்ட வரி அது. சென்ற ஆண்டு சிறுபோக அறுவடை நடந்துகொண்டிருந்த நாட்களில், தரம் 9 மாணவன் ஒருவன் என் மேசைக்கு வந்து அந்த வரி பொய் என்று சொன்னான்.

"சேர், இரண்டும் வடக்கு. ஆனாலும் ஒட்டுகின்றன" என்றான். இரண்டு காந்தங்களை மேசையில் வைத்தான். ஒன்று வெள்ளிபோல் மின்னும் வட்டு. ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் சிறியது, ஆனால் நல்ல தடிப்பு. மற்றது கறுப்பு வட்டு, 3 மில்லிமீற்றர் தடிப்பு இருக்கும்.

அவனிடம் நான் கேட்ட முதற் கேள்வி அறிவியல் கேள்வியன்று. "இவற்றை எங்கே எடுத்தாய்?" என்றுதான் கேட்டேன். போர்க்கால வெடிபொருள்கள் மண்ணில் புதைந்து கிடக்கும் வன்னியில் வளர்ந்த எவரும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். காணியைக் கொத்தும்போதும் குளக்கட்டோரம் நடக்கும்போதும் மண்ணிலிருந்து மினுங்கும் உலோகம் எதையும் தொடாதே என்று எத்தனையோ பிள்ளைகளுக்குப் படம் காட்டிச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அவன் புரிந்துகொண்டு சிரித்தான். கறுப்பு வட்டு, வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் அலங்காரப் பொம்மையின் பின்னாலிருந்து கழன்றது. வெள்ளி வட்டு, அவனுடைய அண்ணன் வேலை செய்யும் கைபேசி திருத்தும் கடையில் உடைத்துப் போட்ட சிறிய ஸ்பீக்கருக்குள் இருந்தது. மண்ணில் எடுத்தது எதுவுமில்லை என்று உறுதியான பிறகுதான் காந்தங்களைக் கையில் எடுத்தேன்.

இரண்டிலும் வெள்ளை மையால் ஒரு பக்கத்தில் 'வ' என்று எழுதியிருந்தான். கறுப்பு வட்டில் அந்த எழுத்து சுரண்டப்பட்டு மறுபக்கத்தில் எழுதப்பட்டிருந்தது. பிறகு அங்கேயும் சுரண்டப்பட்டு, பழைய பக்கத்திலேயே மீண்டும் எழுதப்பட்டிருந்தது. அவனுடைய கொப்பியைப் பார்த்தேன். அங்கேயும் அதே கோலம்: வடக்கு, வெட்டு, தெற்கு, வெட்டு, மறுபடி வடக்கு. "முனைவை ஒழுங்காகக் குறிக்கத் தெரியாமல் விதியைப் பிழை சொல்கிறாயே, தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவன் ஒன்றும் பேசாமல் போனான். அந்த மௌனம்தான் மாலையில் வீட்டுக்குப் போன பிறகும் என்னை விடவில்லை. இரண்டு தடவை அழித்து எழுதுகிறவன் கவனமில்லாதவனாக இருக்கமாட்டான். மறுநாள் அவனைக் கூப்பிட்டு, "வா, முதலிலிருந்து பார்ப்போம்" என்றேன். இரண்டு வாரம் நடந்த அந்தத் தேடலின் பதிவுதான் இது.

சந்தேகங்களைக் கழித்த விதம்

ஒத்த முனைவுகள் ஒட்டுவதாகத் தோன்றினால் முதலில் நான்கு காரணங்களைச் சந்தேகிக்கவேண்டும் என்று நினைத்தோம்.

முனைவைப் பிழையாகக் குறித்திருக்கலாம் என்பது முதலாவது. திசைகாட்டியை எடுத்து இருவரும் தனித்தனியே சோதித்தோம். அன்று காலை இரண்டு வட்டுகளின் குறிகளும் சரியாகவே இருந்தன. 'அன்று காலை' என்ற சொல்லை வாசகர் மனதில் வைத்துக்கொள்ளவேண்டும்.

இரண்டாவது, காந்தத்தோடு இரும்புத் தகடு ஏதாவது ஒட்டியிருக்கலாம். ஸ்பீக்கரிலிருந்தும் கணினியின் வன்தட்டிலிருந்தும் கழற்றும் காந்தங்களில் இது அடிக்கடி நடக்கும். முதுகில் இரும்புத் தகடு இருந்தால் எதிரே வரும் காந்தம் அந்தத் தகட்டைக் கவரும்; பார்ப்பவருக்குக் காந்தமே கவர்ந்ததுபோல் இருக்கும். எங்கள் வட்டுகளில் தகடு இல்லை.

மூன்றாவது, ஒரே முகத்தில் இரண்டு முனைவுகளும் இருக்கலாம். வன்தட்டுக் காந்தத்தின் ஒரு முகத்தில் பாதி வடக்கும் பாதி தெற்குமாக இருக்கும். குளிர்சாதனப் பெட்டிக் கதவின் இறப்பர்ப் பட்டியிலும் முனைவுகள் வரிவரியாக மாறி மாறி வரும். வட்டுகளின் மேல் கடதாசி வைத்து இரும்புத் தூளைத் தூவினோம். நடுவில் பிரிகோடு எதுவும் விழவில்லை. தூள் விளிம்பெங்கும் ஒரே சீராகச் சிலிர்த்து நின்றது. ஆகவே ஒரு முகத்துக்கு ஒரு முனைவுதான்.

நான்காவது சந்தேகம் எனக்கு வலுவாக இருந்தது. விரலிடுக்கில் பிடித்திருக்கும் சிறிய காந்தம் கண்ணிமைக்கும் நேரத்தில் புரண்டு மறுமுகத்தைக் காட்டிவிடும். ஒத்த முனைவுகளை எதிரெதிரே கொண்டுவந்த எவருக்கும் அந்த நழுவல் தெரியும். இதைத் தடுக்க, வட்டுகள் ஏறி இறங்கலாம், ஆனால் புரள முடியாது என்ற அளவில் பிவிசி குழாய்த் துண்டு ஒன்றைத் தேடிப் பிடித்தான். தோட்டக் கிணற்றுக்கு நீர்க்குழாய் பொருத்தியபோது மிஞ்சியதாம். பக்கத்தில் நீளவாக்கில் ஒரு பிளவு வெட்டி உள்ளே பார்க்க வழி செய்தான்.

குழாயின் அடியில் வெள்ளி வட்டு, வடக்கு மேலே. அதன் மேல் கறுப்பு வட்டை வடக்கு கீழே இருக்க விட்டோம். அது விழவில்லை. அடி வட்டுக்கு மேலே ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர் உயரத்தில் அந்தரத்தில் நின்று மெல்ல ஆடியது. இதுவரை பாடநூல் சொன்னதுதான். பிறகு அவன் பென்சிலின் பின்முனையால் கறுப்பு வட்டை மெல்ல அமுக்கினான். முதலில் பஞ்சை அமுக்குவதுபோல் இருந்தது. கீழே போகப் போக விறைத்தது. ஒரு கட்டத்தில் விரல்நுனி வெளிறும் அளவுக்கு அழுத்தவேண்டியிருந்தது. இன்னும் ஒரு மயிரிழை. எதிர்ப்பு திடீரென்று செத்துப்போனது. 'டக்' என்ற ஓசையோடு கறுப்பு வட்டு கீழே போய் ஒட்டிக்கொண்டது. குழாயைத் தலைகீழாகக் கவிழ்த்து உலுக்கினோம், பிரியவில்லை.

வட்டு புரளவில்லை. 'வ' என்ற எழுத்து இன்னும் கீழே பார்த்தபடியே இருந்ததைப் பிளவுக்குள்ளால் இருவரும் கண்டோம். வடக்கும் வடக்கும் ஒட்டியிருந்தன. எனக்கு உடம்பு சிலிர்த்தது. முந்திய நாள் அவனை அனுப்பிவிட்டது நினைவுக்கு வந்து, அங்கேயே அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

கத்தியின் நுனியால் பிரித்தெடுத்த கறுப்பு வட்டைத் திசைகாட்டியருகே கொண்டுபோனபோது விடையின் முதல் நுனி கிடைத்தது. 'வ' என்று எழுதிய முகம் இப்போது தெற்காக இருந்தது. திருப்பி, மறுமுகத்தைக் கீழே வைத்துக் குழாயில் விட்டோம். மறுபடி மிதந்தது. அமுக்கினோம். மறுபடி 'டக்'. திசைகாட்டியில் பார்த்தால் முனைவுகள் மறுபடி இடம் மாறியிருந்தன. அவனுடைய கொப்பியின் வெட்டுகளும் திருத்தங்களும் அத்தனையும் உண்மை. ஒவ்வொரு தடவையும் அவன் கண்டதைத்தான் எழுதியிருந்தான்.

பலமும் பிடிவாதமும்

இங்கே கொஞ்சம் நின்று பேசவேண்டும். காந்தங்களைப் பற்றிப் பேசும்போது 'பலம்' என்ற ஒற்றைச் சொல்லால் இரண்டு வெவ்வேறு குணங்களைக் குறிப்பிட்டுக் குழம்புகிறோம்.

காந்தத்துக்குள் எண்ணற்ற நுண்ணிய பகுதிகள் உள்ளன. ஒவ்வொன்றும் தன்னளவில் ஒரு குட்டிக் காந்தம். பெரும்பாலானவை ஒரே திசையைப் பார்த்தபடி அணிவகுத்து நிற்பதால்தான் அந்தப் பொருளை நாம் காந்தம் என்கிறோம். வெளியே எவ்வளவு வலுவான புலத்தைத் தருகிறது என்பது ஒரு குணம். வெளியிலிருந்து எதிர்த்திசையில் ஒரு புலம் வந்து தாக்கும்போது, அந்தக் குட்டிக் காந்தங்கள் தம் திசையை விட்டுக்கொடுக்காமல் எவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கும் என்பது மற்றக் குணம். முதலாவதைப் பலம் என்றும் இரண்டாவதைப் பிடிவாதம் என்றும் வகுப்பில் அழைத்தோம்.

எங்கள் வெள்ளி வட்டு நியோடிமியம், இரும்பு, போரன் மூன்றும் சேர்ந்த காந்தம். 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாதோ சகாவாவும், அமெரிக்காவில் ஜெனரல் மோட்டோர்ஸ் ஆய்வாளர்களும் தனித்தனியே கண்டெடுத்த வகை. இவ்வளவு பெரிய வட்டின் முகத்தில் ஏறத்தாழ 0.3 டெஸ்லா புலம் இருக்கும்; டெஸ்லா என்பது காந்தப்புலத்தை அளக்கும் அலகு. வன்னியில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோ டெஸ்லாதான். வட்டின் முகத்தில் அதைப்போல் பல ஆயிரம் மடங்கு. அதன் பிடிவாதமோ இன்னும் பெரிது. சாதாரணத் தர நியோடிமியக் காந்தத்தின் அணிவகுப்பைக் கலைக்க 1.2 டெஸ்லாவுக்குக் குறையாத எதிர்ப்புலம் வேண்டும்.

கறுப்பு வட்டு பெரைட் வகை. இரும்பு ஒட்சைட்டோடு பேரியம் அல்லது ஸ்துரோந்தியம் சேர்த்துச் சுட்ட, மட்பாண்டம் போன்ற பொருள். வானொலி ஸ்பீக்கர்களில் காணும் கறுப்பு வளையங்களும் இதே இனம். அதன் பிடிவாதம் 0.25 முதல் 0.35 டெஸ்லா வரை. தன் புலமே தனக்கு எதிராக உள்ளே வேலை செய்யும் என்பதால், மெல்லிய வட்டுக்கு அந்தத் தாங்கும் சக்தியும் முழுதாகக் கிடைப்பதில்லை. நியோடிமியத்தின் வடமுனைவைத் தொடும் தூரத்துக்கு வந்தபோது, எதிர்ப்புலம் அதன் தாங்கும் எல்லையைத் தாண்டியது. உள்ளிருந்த அணி முழுவதும் திரும்பியது. எழுத்து அப்படியே இருக்க, முனைவு மட்டும் மாறியது. மாறிய கணத்தில் அது வடக்குக்கு எதிரே நிற்கும் தெற்கு. கவராமல் என்ன செய்யும்? விதி ஒரு கணம்கூட மீறப்படவில்லை.

குழாய்தான் இந்த நிகழ்வின் திறவுகோல் என்று இப்போது நினைக்கிறேன். சுதந்திரமாக இருக்கும் வட்டு, எதிர்ப்பு வந்ததும் உடம்போடு புரண்டுவிடும். அதன் அணிவகுப்புக்கு ஆபத்து வராது. புரள இடம் கொடுக்காமல் அடைத்து அமுக்கியதால்தான், உடம்பு திரும்ப முடியாமல் உள்ளே இருந்தவை திரும்பின.

இதற்கு மாற்றுச் சோதனையும் செய்தோம். அதே அளவான இரண்டு கறுப்பு வட்டுகளைக் குழாயில் இட்டு அமுக்கினால், தொடும்வரை தள்ளிக்கொண்டே இருந்தன. விரலை எடுத்ததும் மேலே எழும்பின. கடையிலிருந்து அவன் அண்ணன் கொடுத்துவிட்ட இன்னொரு நியோடிமியத்தோடும் அப்படியே, ஆனால் அமுக்குவதற்கு இருவர் பலம் வேண்டியிருந்தது. சமபலமான இரண்டு காந்தங்களுக்கிடையே விதி பாடநூலில் உள்ளபடியே கடைசிவரை நடக்கிறது. ஏற்றத்தாழ்வு பெரிதாக இருக்கும் சோடியில் மட்டுமே அந்த 'டக்' கேட்கிறது.

நான் மாணவனாக இருந்த காலத்தில் எங்கள் கைக்குக் கிடைத்தவை சிவப்பும் நீலமும் பூசிய உருக்குச் சட்டக்காந்தங்கள் மட்டுமே. சோடி சோடியாக, ஒரே பெட்டியில், ஒரே பலத்தோடு வந்தன. அவற்றை வைத்து அந்த வரியைச் சோதித்தால் ஐயம் எழ வாய்ப்பே இல்லை. இன்றைய பிள்ளையின் கைக்கு, காதில் மாட்டும் ஒலிபெருக்கியிலிருந்தே நியோடிமியம் வந்துவிடுகிறது. அந்த வரியை மட்டும் கொடுத்துவிட்டு, ஏற்றத்தாழ்வான சோடிகளைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் விடுவது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

யார் யாரைக் கூடுதலாகத் தள்ளுகிறார்?

இந்தக் கட்டத்தில் வகுப்பையும் உள்ளே கொண்டுவந்தேன். ஒரு கேள்வி கேட்டேன்: பலமான காந்தம் பலவீனமானதைத் தள்ளும் விசை பெரிதா, பலவீனமானது பலமானதைத் தள்ளும் விசை பெரிதா? ஏறக்குறைய எல்லாக் கைகளும் பலமானதன் பக்கமே உயர்ந்தன.

சமையலறையில் மா நிறுக்கும் இலத்திரனியல் தராசு ஒன்றை மாணவி ஒருத்தி கொண்டுவந்தாள். தராசுக்குள் இரும்பு இருப்பதால் காந்தத்தை நேரே அதன் மேல் வைக்கக்கூடாது. ஒரு சாண் உயரமான பாலை மரக் கட்டையைத் தராசில் நிறுத்தி, அதன் உச்சியில் நியோடிமியத்தை ஒட்டி, தராசைச் சுழியத்துக்குக் கொண்டுவந்தோம். கறுப்பு வட்டை மர அடிமட்டத்தின் நுனியில் ஒட்டி, வடக்கும் வடக்கும் பார்க்க மேலிருந்து இறக்கினோம். இடைவெளி 4 சென்ரிமீற்றராக இருந்தபோது தராசு 4 கிராம் கூடுதலாகக் காட்டியது. கறுப்பு வட்டின் நிறையும் 4 கிராம்தான். குழாயில் அது ஏன் அந்த உயரத்தில் மிதந்தது என்று நான் விளக்கவேண்டியிருக்கவில்லை. பின்வரிசையிலிருந்தே ஒருத்தி சொன்னாள். இடைவெளியை 2 சென்ரிமீற்றராகக் குறைத்ததும் 30 கிராமை ஒட்டி வந்தது.

பிறகு இரண்டையும் இடம் மாற்றினோம். பலவீனமானது தராசில், பலமானது கையில். அதே இடைவெளிகள். அதே எண்கள். வகுப்பு சத்தம் போட்டது. திரும்பச் செய்யச் சொன்னார்கள். மூன்று தடவை செய்தோம். நியூட்டனின் மூன்றாம் விதியை எத்தனையோ தடவை எழுதிக்காட்டியிருக்கிறேன். அந்தத் தராசின் பச்சை எண்கள் போல ஒன்றும் அதைச் சொல்லவில்லை. இரண்டுக்கும் இடையிலான விசை எப்போதும் ஒன்றுதான். அந்த விசைக்கு முன்னால் எது தன் அணிவகுப்பைக் காத்துக்கொள்கிறது என்பதில்தான் வேறுபாடு.

இடைவெளி பாதியானதற்கே விசை ஏழெட்டு மடங்காக ஏறியதையும் கவனிக்கவேண்டும். தனி முனைவுகளுக்கிடையிலான விசை, தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாகக் குறையும் என்று 1785இல் கூலோம் அளந்து காட்டினார். ஆனால் முழுக் காந்தம் ஒன்றில் வடக்கும் தெற்கும் அருகருகே இருக்கின்றன; ஒன்று தள்ளும்போது மற்றது இழுத்துப் பெரும்பகுதியைக் கழித்துவிடுகிறது. அதனால் தூரத்திலிருக்கும் இரண்டு சிறிய காந்தங்களின் விசை, மையத்துக்கு மையம் அளந்த தூரத்தின் நான்காம் படிக்கு நேர்மாறாக விழுகிறது. தூரம் இருமடங்கானால் விசை பதினாறில் ஒன்று. நெருங்கிய தூரத்தில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. என்றாலும் ஒரு விரற்கடை தள்ளி நிற்கும் காந்தம் ஏன் சாதுவாக இருக்கிறது, அரை விரற்கடையில் ஏன் சீறுகிறது என்பது அதிலிருந்து விளங்கும்.

கவர்ச்சி எதற்குச் சாட்சி?

ஒரு பொருள் காந்தம்தானா என்று அறிய, அது கவர்கிறதா என்று பார்க்கக்கூடாது, தள்ளுகிறதா என்று பார்க்கவேண்டும் என்று பழைய ஆசிரியர்கள் சொல்வார்கள். இந்தத் தேடலில் அந்தச் சொல்லின் அருமை எனக்குப் புதிதாக விளங்கியது.

எங்கள் ஆய்வுகூட அலுமாரியில் கொக்கிளாய்க் கடற்கரைக் கருமணல் ஒரு போத்தலில் இருக்கிறது. கொக்கிளாயிலிருந்து தெற்கே புல்மோட்டை வரையிலான கரையில் இல்மனைட், ரூட்டைல், சிர்கான் கனிமங்கள் கலந்த மணல் கிடக்கிறது. புல்மோட்டையில் இல்மனைட்டைக் காந்தத்தால்தான் பிரித்தெடுக்கிறார்கள். கறுப்பு வட்டைக் கடதாசியில் சுற்றி அந்த மணலுக்குள் விட்டோம். சில மணிகள் மட்டும் தொற்றிக்கொண்டு வந்தன, அவை மக்னடைட் என்ற இரும்புத் தாது. நியோடிமியத்தை அதேபோல் விட்டபோது அது கரடித்தோல் போர்த்தது போல் கருமையாக வெளியே வந்தது. இல்மனைட் மிகப் பலவீனமாகக் காந்தத்துக்கு வசப்படும் பொருள். பெரைட் வட்டின் புலம் அதற்குப் போதாது, நியோடிமியத்தின் புலம் போதும். ரூட்டைலும் சிர்கானும் இரண்டுக்கும் வராமல் கடதாசியிலேயே கிடந்தன. முனைவை மாற்றி மாற்றிக் காட்டினோம். எந்த முனைவைக் காட்டினாலும் மணல் ஓடி வந்தது. ஒரு மணிகூடத் தள்ளப்படவில்லை.

ஆணியும் அப்படித்தான். பலமான காந்தத்தின் முன்னால் அதன் அருகு முனை உடனே எதிர்முனைவாகிவிடுகிறது. பலவீனமான காந்தம் இதற்கு நடுவில் நிற்கிறது: தூரத்தில் காந்தம், கிட்டப்போனால் ஆணி.

பாடசாலை உருக்குச் சட்டக்காந்தத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. உருக்கின் பிடிவாதம் மிகக் குறைவு. ஒரு டெஸ்லாவின் நூறில் சில பங்குகூடத் தாங்காது. சட்டத்தை மரத்தாங்கியில் இறுக்கி, அதன் வடக்கை நோக்கி நியோடிமியத்தின் வடக்கைக் கொண்டுவந்தோம். முதலில் தள்ளியது. கிட்ட வர வரத் தள்ளுகை குறைந்தது. ஓரிடத்தில் தள்ளலும் இல்லை, இழுத்தலும் இல்லை. அதற்குள்ளே போனால் இழுத்தது. சட்டத்தைத் தொடுமுன், இழுக்கத் தொடங்கிய இடத்திலேயே நிறுத்தி நியோடிமியத்தைப் பின்வாங்கினால், சட்டத்தின் வடக்கு வடக்காகவே இருந்தது. கொஞ்சம் களைத்திருந்தது, அவ்வளவுதான். தொடவிட்டுப் பிரித்தால் கதை வேறு. சட்டத்தின் நெடுக்குத் திசைகாட்டியை நகர்த்தியபோது ஊசி நாங்கள் எதிர்பாராத இடத்தில் சுழன்றது. தொட்ட நுனி தெற்காகிவிட்டது. மறுநுனி எப்போதும்போல் தெற்கு. இரண்டு முனைகளும் தெற்கு! வடக்கு எங்கே என்று தேடினால், உள்ளே தள்ளப்பட்டு, சட்டத்தின் உடம்பில் நடுவழியில் இருந்தது. இரும்புத் தூள் தூவியதும் அந்த இடத்தில் ஒரு குடுமி எழும்பி நின்றது. இரண்டு நுனியும் ஒரே முனைவாக உள்ள சட்டக்காந்தத்தை அன்றுதான் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தேன்.

தெற்கைக் காட்டிய ஊசிகள்

இதற்குள் இன்னொரு விடயம் வெளிச்சத்துக்கு வந்தது. அதற்குப் பொறுப்பு நான்தான். முதல் வாரம் முடிவில் வெள்ளி வட்டுகளை அலுமாரியில் திசைகாட்டிப் பெட்டிக்குள்ளேயே வைக்கச் சொல்லியிருந்தேன். அடுத்த வாரம் பிள்ளைகள் திசைகாட்டிகளை முற்றத்துக்கு எடுத்துப்போனபோது, மூன்றின் சிவப்பு நுனி ஏ9 வீதியில் யாழ்ப்பாணப் பக்கம் காட்டுவதை விட்டு வவுனியாப் பக்கம் காட்டியது. ஒன்று எங்கே விட்டாலும் அங்கேயே நின்றது.

பெட்டியைத் திறந்து பார்த்தபோது காரணம் புரிந்தது. படுக்கையாக வைத்திருந்த திசைகாட்டிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவற்றின் ஊசிகள் நியோடிமியத்தின் புலத்துக்கேற்பச் சுழன்று தம்மைக் காத்துக்கொண்டன. இடம் போதாமல் விளிம்பில் நிமிர்த்தி அடுக்கியவற்றின் ஊசிகள் உறையில் சிக்கி அசையமுடியாமல் இருந்தன. குழாய்க்குள் அடைபட்ட வட்டுக்கு நடந்ததே அவற்றுக்கும் நடந்தது.

திசைகாட்டி பற்றி ஒரு சிறு செய்தி. பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் நுனியையும் இலங்கையையும் அண்டிப் போவதால், எங்கள் பகுதியில் ஊசி ஏறக்குறையக் கிடையாகவே நிற்கும். ஐரோப்பாவுக்கென்று செய்த ஊசி இங்கே ஒரு பக்கம் சரிந்து கண்ணாடியில் உரசும். அதைப் பழுது என்று எண்ணிவிடக்கூடாது. ஆனால் வடக்கும் தெற்கும் இடம் மாறினால் அது ஆபத்தான பழுது. முல்லைத்தீவுக் கரையில் மாமா கடற்றொழில் செய்யும் மாணவன் ஒருவன், அவருடைய படகின் திசைகாட்டிக்குப் பக்கத்தில் பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கரைக் கட்டியிருப்பதாகச் சொன்னான். அன்று மாலையே கழற்றி வேறிடத்தில் வைக்கச் சொல்லி அனுப்பினேன்.

சரிசெய்ததும் அதே நியோடிமியத்தால்தான். சட்டக்காந்தத்தை மேசையில் கிடத்தி, நியோடிமியத்தின் தென்முனைவை ஒரு நுனியில் வைத்து மறுநுனிவரை இழுத்துத் தூக்கவேண்டும். மீண்டும் முதல் நுனிக்கு வந்து அதே திசையில் இழுக்கவேண்டும். இழுப்பு முடியும் நுனியில் வடக்கு பிறக்கும். இருபது இழுப்பில் எங்கள் பழைய சட்டங்கள் முன்பைவிட நன்றாகவே ஆணி தூக்கின. திசைகாட்டி ஊசிகளையும் உறையைத் திறந்து இப்படியே மீட்டோம்.

இப்போது நியோடிமியம் தனி மரப்பெட்டியில், அலுமாரியின் வேறு தட்டில் இருக்கிறது. சிறு பிள்ளைகளுக்கு எட்டாத தட்டு அது. ஒன்றுக்கு மேற்பட்ட இத்தகைய காந்தங்களை விழுங்கினால் அவை குடலின் மடிப்புகளை இடையில் வைத்து ஒன்றையொன்று பிடித்துக் குடலையே துளைத்துவிடும். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவேண்டும். இதை வீட்டுக்கும் சொல்லி அனுப்பினோம்.

மூன்று திசைகாட்டிகளில் இரண்டைத்தான் திருத்தினோம். மூன்றாவதையும், இரு நுனியும் தெற்கான ஒரு சட்டக்காந்தத்தையும் அப்படியே விட்டுவைக்கும்படி, முதலில் அந்த இரண்டு வட்டுகளோடு வந்த மாணவன் கேட்டான். அடுத்த ஆண்டுப் பிள்ளைகள் நம்பமாட்டார்கள், காட்டவேண்டும் என்றான். ஒட்டுநாடாவில் அவன் எழுதி ஒட்டிய சீட்டு இன்னும் பெட்டியில் இருக்கிறது: "இந்த ஊசியின் சிவப்பு நுனி தெற்கு. திருத்தவேண்டாம்." அந்த எழுத்தில் ஒரு வெட்டுக்கூட இல்லை.